கெட்ட நினைப்பை விரட்டும்போது செய்யக் கூடாதவை

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்பார்கள். சொன்ன மாத்திரத்தில் குரங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவர் குழுவினரும் இதை வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கரடியை நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும். மாணவர்களால் அடக்க முடியவில்லை. இனி நினைக்கலாம் என்று விட்ட பிறகோ, முதலிலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. ஆக, ‘அதை நினைக்கவே கூடாது’ என்று மனசை அதட்டுவது முதல் தவறு.

அடுத்தது, கசப்பான நினைப்பின் மேல் சர்க்கரை தூவுவது. ‘எதற்கும் லாயக்கில்லாதவன்’ என்று உள்ளுக்குள் ஓடுகிறவரைக் கண்ணாடி முன் நிறுத்தி ‘நான் வெற்றியாளன்’ என்று சொல்லச் சொன்னால், மனசு உடனே வழக்கு பேச ஆரம்பிக்கும். கனடாவில் ஜோவான் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் இப்படிப்பட்ட வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை இன்னும் மோசமானது. தன்னம்பிக்கை வகுப்புக்காரர்கள் இதைச் சொல்வதில்லை!

மாற்று நினைப்பு இனிப்பாக இருக்க வேண்டாம், நம்பும்படி இருந்தால் போதும். மேலாளருக்கு வாட்ஸ்அப் அனுப்பினீர்கள். நீல டிக் விழுந்து இரண்டு மணி நேரமாகியும் பதில் இல்லை. ‘என்மேல் கோபம், வேலை போகப்போகிறது’ என்று தலைக்குள் ஓடுகிறது. அதை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். ஆதாரம் என்ன? பதில் வரவில்லை, அவ்வளவுதான். எதிர் ஆதாரம்? போன வாரமும் ராத்திரிதான் பதில் போட்டார். இன்று முழுக்கத் தணிக்கைக்காரர்களோடு இருக்கிறார். இப்போது ‘அவருக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்’ என்று எழுதினால் அது பொய். ‘பதில் வரவில்லை, காரணம் தெரியாது, காலையில் கேட்டுக்கொள்ளலாம்’ என்று எழுதினால் மனசு மறுத்துப் பேச இடமில்லை. 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வளர்த்தெடுத்த சிகிச்சை முறையில் இந்த ஆதாரக் கணக்கு முக்கியமான பகுதி. முதல் நாள் செயற்கையாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அசைபோடுவதை யோசிப்பதாக எண்ணிக்கொள்வதும் உண்டு. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்ற கேள்வி ஒரு மணி நேரம் ஓடியும் ஒரு முடிவும் வரவில்லையென்றால் அது அசைபோடல்தான். அப்புறம், படுக்கையில் வைத்து எதையும் தீர்க்கப் பார்க்காதீர்கள். கவலைக்கென்று சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வருவதை அதற்குத் தள்ளிவைப்பது நன்றாகவே உதவும்.

ஒரு எச்சரிக்கை. ஓசிடி, அதாவது வேண்டாத நினைப்பும் அதைத் தணிக்கச் செய்யும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய், உள்ளவர்கள் ஒவ்வொரு கெட்ட நினைப்புக்கும் ஒரு நல்ல நினைப்பைச் சொல்லி ஈடுகட்ட ஆரம்பித்தால், அதுவே சடங்காகி நோயை வளர்க்கும். அவர்களுக்கு இந்தத் தாள் வேலை சரிப்படாது, மனநல மருத்துவரைப் பார்ப்பதே வழி. மற்றவர்களும் தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.