வீடியோ கேம் முறையில் திசைகொண்ட எண்களைக் கற்பித்தல்

வீடியோ கேமிலிருந்து வகுப்பறைக்கு எதையாவது எடுக்கலாம் என்றவுடன் பலருக்கும் புள்ளிகளும் நட்சத்திரங்களும் தரவரிசைப் பட்டியலுமே நினைவுக்கு வருகின்றன. என் கருத்தில், எடுக்க வேண்டாதவை அவைதாம். 1985இல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதற் கட்டத்தில், எந்த விளக்கமும் இன்றி ஓர் எதிரி நடந்து வருகிறது. அதன்மீது மோதும் பிள்ளை ஓர் உயிரை இழந்தாலும் சில விநாடிகளில் மீண்டும் தொடங்கி, அடுத்த முறை தானாகவே தாவிக் குதிக்கிறது. தவறு உடனே தெரிவதும், தவறினால் இழப்பது சொற்பமாக இருப்பதுமே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை. தவணைப் பரீட்சையில் இவ்விரண்டும் இல்லை.

இதற்குக் கணினி தேவையில்லை. திருகோணமலையில் தரம் 7 மாணவருக்குத் திசைகொண்ட எண்களை, அதாவது + அல்லது − குறியுடைய எண்களை, கற்பிப்பதாக வைத்துக்கொள்வோம். சுவரில் சோக்கினால் +5 முதல் −15 வரை நிலைக்குத்தான எண்கோடு ஒன்றை வரைந்து, பூச்சியத்தைக் கடல் மட்டம் எனக் குறியுங்கள். துறைமுகத்தையும் படகுகளையும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. இனி ஒரு நங்கூரத்தைக் கொண்டே கணக்கு அட்டைகளைத் தயாரிக்கலாம். முதலாம் நிலையில் −7 மீற்றரில் உள்ள நங்கூரம் 3 மீற்றர் உயர்த்தப்படுகிறது. விடை −4, நீருக்குள்ளேயே முடிகிறது. இரண்டாம் நிலையில் −4இலிருந்து 6 மீற்றர் உயர்ந்து, பூச்சியத்தைக் கடந்து +2ஐ அடைகிறது. மூன்றாம் நிலையில் அதே +2இலிருந்து 9 மீற்றர் இறங்குகிறது. நான்காம் நிலையில் நங்கூரமும் எண்கோடும் இல்லை. −12 + 5 என்ற கோவை மட்டுமே உண்டு. ஒவ்வொரு நிலையிலும் ஒரேயொரு புதுச் சிக்கல்தான் இருக்க வேண்டும். பல கேம்கள் இதில் காட்டும் பொறுமையை நமது பயிற்சிப் புத்தகங்கள் எப்போதும் காட்டுவதில்லை.

ஒவ்வொரு நிலைக்கும் எண்களை மட்டும் மாற்றிய நான்கைந்து அட்டைகள் வேண்டும். விடையை அட்டையின் பின்புறம் எழுதி, மாணவரை இருவர் இருவராக அமர்த்துங்கள். ஒருவர் விடையைச் சொல்ல, மற்றவர் அட்டையைத் திருப்பிச் சரிபார்ப்பார். தவறினால் சுவரிலுள்ள கோட்டில் எண்ணிப் பார்த்துவிட்டு, அதே நிலையின் வேறோர் அட்டையை எடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு சரியானால் அடுத்த நிலைக்குப் போகலாம். பதிவேட்டில் எட்டிய நிலையை மட்டும் குறியுங்கள். எத்தனை முறை தவறினார் என்பதைக் குறித்தால் பிள்ளை மீண்டும் முயலத் தயங்கும்.

பரிசு கொடுக்க நினைப்பவர்கள், உளவியலாளர்களான லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வை அறிந்திருப்பது நல்லது: விரும்பிப் படம் வரைந்துவந்த பாலர்களுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரைவது குறைந்தது.

நான்கு நிலைகளையும் முடித்தவரைச் சும்மா இருத்தாதீர்கள். நங்கூரக் கணக்கு ஒன்றைத் தாமே உருவாக்கி, விடையைச் சரிபார்த்து, மூன்றாம் நிலையில் நிற்கும் ஒருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த அட்டை சரியாக இருந்தால் அடுத்த வகுப்புக்கும் எடுத்துச் செல்லலாம்.