வைரம் தேடுற குட்டி கம்பெனி ஷேர் வாங்குறவங்களுக்கு

கனடாவுல வைரம் தேடுற சின்ன கம்பெனி ஷேர்ல காசு போடுறவங்க, "கிம்பர்லைட் கிடைச்சிருச்சு"ன்னு நியூஸ் வந்த உடனே பாயாதீங்க, கிம்பர்லைட்ங்கிறது வைரம் இருக்கக்கூடிய ஒரு எரிமலைப் பாறை, அது கிடைச்சாலும் நூத்துல ஒண்ணு ரெண்டுதான் சுரங்கமா தேறும். மைக்ரோ டைமண்ட், அதாவது பொடிப்பொடியான வைரத்தோட எண்ணிக்கை சும்மா ஒரு சிக்னல். டன் கணக்குல கல்லை வெட்டியெடுத்து உடைச்சுப் பாக்குற பல்க் சாம்பிள்ல டன்னுக்கு எத்தனை கேரட், கேரட்டுக்கு எத்தனை டாலர், ரெண்டும் வேணும், ஒண்ணை மட்டும் சொன்னா எனக்கு டவுட்தான். 1991ல வட கனடாவுல லாக் டி க்ரா ஏரி பக்கம் வைரம்னதும் டயா மெட்ங்கிற குட்டி கம்பெனி ஷேர் பறந்துச்சு, அது 1998ல எகாட்டி சுரங்கமாவே ஆச்சு. ஆனா அதே ஏரியாவுல 1994ல டிலி க்வி சோங்கிற கிம்பர்லைட்டோட பல்க் சாம்பிள் ரிசல்ட் சொதப்பினதும் கூட்டு சேர்ந்திருந்த குட்டி கம்பெனி ஷேரெல்லாம் அடி வாங்கிருச்சு. ரிசல்ட்டுக்கு முன்னாடியே விலை நல்லா ஏறியிருந்தா போட்ட காசை வெளிய எடுத்துடுங்க.