வளைவில் வண்டி சொன்னபடி திரும்ப: மோட்டோகிராஸ் பைக்கின் பின் சஸ்பென்ஷனைச் சீரமைக்கும் முறை

மேடுபள்ளமான மண் தடத்தில் ஓடும் பைக் பந்தயமான மோட்டோகிராஸ், தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதல்ல. 2000-இல் 125 சிசி பிரிவில் உலகப் பட்டம் வென்ற கிராண்ட் லாங்ஸ்டனும், 2008-இல் எம்எக்ஸ்2 பிரிவில் உலகப் பட்டம் வென்ற டைலா ராட்ரேயும் இந்த ஊரில் பிறந்தவர்கள். ஆனால் இங்குள்ள சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பழைய வண்டி ஒன்றை வாங்கிப் பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றிச் செல்லும் புதியவர், முன்பு அதை ஓட்டியவரின் எடைக்கு வைத்த ஸ்பிரிங் இறுக்கத்திலேயே ஓட்டிவிட்டு, வளைவில் வண்டி பிடிவாதம் செய்கிறது என்று டயரைக் குறை சொல்வார். முதலில் பார்க்க வேண்டியது சேக், அதாவது உங்கள் எடை ஏறும்போது வண்டியின் பின்பகுதி எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரம் தரையைத் தொடாதபடி தொங்க விடுங்கள். ஆக்ஸிலின் நடுவிலிருந்து நேர் மேலே, பின் மட்கார்டில் ஒரு குறி இட்டு, இடைப்பட்ட தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, பூட்ஸ், ஹெல்மெட் உட்பட முழு உடுப்புடன் ஏறுங்கள். ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் சிலமுறை குதித்து அமுக்கிவிட்டு, வழக்கமாக ஓட்டும் நிலையில் அசையாமல் இருக்கும்போது மற்றொருவர் அளக்க வேண்டும். அளவு 495 வந்தால் சேக் 105 மி.மீ.; பெரிய வண்டிகளுக்கு 100 முதல் 105 வரை நல்ல தொடக்கம்.

சேக் மிகுதியானால் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரம் எடையின்றி வளைவுக்கு வெளியே ஓடும். அப்போது ஷாக்கின், அதாவது ஸ்பிரிங் சுற்றிய அதிர்வுதாங்கியின், மேலுள்ள பூட்டு வளையத்தைத் தளர்த்தி, ஸ்பிரிங்கை அமுக்கும் அடுத்த வளையத்தை இறுக்குங்கள். மரைகளில் ஒட்டிய செம்மண்ணை முதலில் கழுவிவிடுங்கள்; அலுமினிய வளையத்தை மண்ணோடு திருப்பினால் மரை தேய்ந்துவிடும். ஸ்பிரிங்கில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தால் சுற்றை எண்ணுவது எளிது. ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய 3 மி.மீ. மாற்றம் தரும், மறுபடியும் அளந்து பார்த்த பிறகே பூட்டு வளையத்தை இறுக்குங்கள்.

சேக் சரியானதும், ஆள் இல்லாமல் வண்டி தன் எடையில் மட்டும் இறங்கும் அளவைப் பாருங்கள். அது 30 முதல் 40 மி.மீ. வரை இருந்தால் நல்லது. மிகக் குறைவானால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மையானது, மிக அதிகமானால் கடினமானது. இந்தக் கணக்கு தலைகீழாகத் தோன்றினாலும் சரியே, ஏனெனில் மென்மையான ஸ்பிரிங்கை அதிகம் இறுக்கித்தான் அந்தச் சேக்கைப் பெற்றிருப்பீர்கள். இந்த நிலையில் வேறு ஸ்பிரிங் வாங்குவதே வழி.

இனி ஷாக் அடியிலுள்ள ரிபவுண்ட் திருகு; அமுங்கிய பின்பகுதி மீண்டும் எழும் வேகத்தை இது கட்டுப்படுத்தும். வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும் மேடுகளில் பின்பகுதி உதைத்தால், வலப்புறம் இரண்டு கிளிக் திருப்பி மெதுவாக்குங்கள். தொடர் மேடுகளில் பின்பகுதி எழாமல் மேலும் மேலும் தாழ்ந்து கடினமானால் எதிர்ப்புறம் திருப்புங்கள். வளைவிலிருந்து திராட்டில் கொடுத்து வெளியேறும்போது பின்புறம் அமர்ந்துபோனால், ஷாக் மெதுவாக அமுங்குவதைக் கட்டுப்படுத்தும், மேலுள்ள லோ-ஸ்பீட் கம்பிரஷனை இரண்டு கிளிக் கூட்டுங்கள். வேகமாக அமுங்குவதைக் கட்டுப்படுத்தும் ஹை-ஸ்பீட் நட்டைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே வளைவில் ஓட்டிப் பாருங்கள். சேக்கைக் குறைத்த பிறகு வளைவு நன்றாக வந்து, நேர் பாதையில் ஹேண்டில்பார் ஆடத் தொடங்கினால், பின்பகுதி கூடுதலாக உயர்ந்துவிட்டது என்று பொருள். இறுக்கியதில் ஒரு சுற்றைத் தளர்த்தி விடுங்கள்.