மரச்சீனியும் சாளையும் உண்டுகொண்டே வயிற்றுத் தசையை வெளிக்கொணர்வது: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன் நண்பன் ஒருவனின் திருமணத்துக்குள் சிக்ஸ் பேக் வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, மூன்று மாத காலம் நாள்தோறும் இருநூறு சிட்-அப் எடுத்தேன். திருமண நாளன்று சட்டைப் பொத்தான் முன்பு இருந்த அதே இறுக்கத்தோடுதான் பூட்டிக்கொண்டது. காரணம் விளங்க எனக்கு மேலும் ஓராண்டு பிடித்தது. அது வயிற்றில் இல்லை, அடுக்களையில் துருவிக்கொண்டிருந்த தேங்காயில் இருந்தது. மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று கேரள எல்லையை ஒட்டி வாழும் நமக்குப் பொருந்தும்படி இந்தச் செய்முறையை எழுதுகிறேன். வேக வைத்த கோழி நெஞ்சையும் புரோக்கோலியையும் மட்டும் தின்னச் சொல்லும் அட்டவணைகள் நம் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை.

முதலில் உடலின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். விலாவின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்பெலும்பின் முன்புறம் வரை செங்குத்தாக இறங்கும் நேர்வயிற்றுத் தசை எல்லோருக்கும் பிறப்பிலேயே உண்டு. நடுவே மேலிருந்து கீழாக ஓடும் வெண்ணிற நாண் அதனை இரண்டாகப் பிரிக்கிறது. குறுக்கே ஓடும் நாண்கள், பெரும்பாலானோருக்கு மூன்று, அதனைக் கட்டங்களாக வகுக்கின்றன. அந்த நாண்கள் எத்தனை, அவை நேர்கோட்டில் அமையுமா கோணலாக அமையுமா என்பவையெல்லாம் பிறப்பில் முடிவானவை. ஆகவே நான்கு கட்டு உள்ளவர் எத்தனை பயிற்சி செய்தாலும் எட்டுக் கட்டு ஆகாது. தசைக்கு மேல் போர்த்தியிருக்கும் கொழுப்பு மெலிந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். ஆண்களுக்கு உடல் எடையில் கொழுப்பின் பங்கு ஏறத்தாழ 10 முதல் 14 விழுக்காட்டுக்கும், பெண்களுக்கு 16 முதல் 22 விழுக்காட்டுக்கும் வரும்போது கட்டங்கள் தெளிவாகத் தெரியத் தொடங்கும். வயிற்றுப் பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியே கரையாது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் தசை வலுவடைந்ததே தவிர, அங்கிருந்த கொழுப்பு குறையவில்லை. என் இருநூறு சிட்-அப்பின் கதையும் அதுவே.

முதற்படி: அளவெடுத்தல்

ஒரு தையல் டேப்பும், உடல் எடை பார்க்கும் ஒரு சாதாரண எடைக்கருவியும், உணவை நிறுக்க 5 கிலோ வரை எடைபோடும் ஒரு சமையலறைத் தராசும் போதும். காலையில் கழிவறை சென்று வந்தபின், எதுவும் குடிப்பதற்கு முன், தொப்புளுக்கு நேராக டேப்பைச் சுற்றி, வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சு வெளிவிட்ட நிலையில் அளவெடுங்கள். இந்தியர்களின் இடுப்பளவுக்கு மருத்துவர்கள் வகுத்துள்ள எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அதற்கு மேல் இருப்பவர் கட்டங்களைப் பற்றி எண்ணுவதற்கு முன் சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. உடல் எடையைத் தினமும் குறித்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். முந்தின நாள் இரவு கருவாடு உண்டிருந்தால் உப்பினால் நீர் தங்கி மறுநாள் ஒரு கிலோகூட ஏறிக் காட்டும், அது கொழுப்பன்று. ஏறி நின்றவுடன் கொழுப்பு விழுக்காட்டைச் சொல்லும் மின்னணு எடைக்கருவிகளை நான் நம்புவதில்லை. உடலிலுள்ள நீரின் அளவு மாறினாலே அவற்றின் கணக்கும் மாறிவிடும்.

இரண்டாம் படி: கணக்கு

எடையை (கிலோவில்) 10ஆல் பெருக்குங்கள், உயரத்தை (செ.மீ.இல்) 6.25ஆல் பெருக்கி அதனோடு கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண்கள் 5ஐக் கூட்ட வேண்டும், பெண்கள் 161ஐக் கழிக்க வேண்டும். படுத்தே கிடந்தாலும் உடல் ஒரு நாளில் செலவிடும் கலோரி இதுவாகும். 30 வயது, 170 செ.மீ. உயரம், 78 கிலோ எடை கொண்ட ஒருவருக்கு ஏறத்தாழ 1700 வரும். அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்து, வாரத்தில் சில நாள் பயிற்சியும் செய்பவர் இதனை 1.375ஆல் பெருக்க வேண்டும். அவருக்கு ஒரு நாள் செலவு 2330ஐ ஒட்டி அமையும். விடியுமுன்னரே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் 1.55ஆல் பெருக்கலாம், அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் எடை குறைக்க உண்ணும் 1900 கலோரி அவர்களுக்குப் பட்டினியாகிவிடும்.

இந்தச் செலவில் 400 முதல் 500 வரை கழித்து உண்ண வேண்டும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி சேமிக்கப்பட்டிருப்பதால், வாரத்துக்கு 400 கிராம் அளவே குறையும். மேலே சொன்னவரின் உடலில் 24 விழுக்காடு கொழுப்பு இருப்பதாகக் கொண்டால், தசையை இழக்காமல் 12 விழுக்காட்டுக்கு இறங்க அவர் பத்தரைக் கிலோவைக் கரைக்க வேண்டியிருக்கும். அதற்கு ஆறு மாதத்துக்குக் குறையாது. முப்பது நாளில் சிக்ஸ் பேக் என்று விளம்பரம் செய்வோர் இந்தக் கழித்தலைச் செய்து காட்டுவதில்லை.

மூன்றாம் படி: தட்டை மாற்றுதல்

இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு முறித் தேங்காயை (உடைத்த தேங்காயின் ஒரு பாதி) துருவித் தராசில் வைத்தபோது 150 கிராம் காட்டியது. நூறு கிராம் தேங்காயில் ஏறத்தாழ 350 கலோரி என்றால், அந்த ஒரு முறியில் மட்டும் ஐந்நூறுக்கு மேல். காலையில் புட்டுக்கு, மதியம் துவரனுக்கும் (தேங்காய் சேர்த்த பொரியல்) மீன் குழம்புக்கும், இரவு சம்மந்திக்கு (தேங்காய்த் துவையல்) என்று ஒருவர் பங்கில் அரை முறி சேர்ந்தாலே, கழிக்க வேண்டிய கலோரியில் பாதிக்கு மேல் அதிலேயே நின்றுவிடுகிறது. தேங்காயை விலக்கச் சொல்லவில்லை. அதை விலக்கினால் துவரன் துவரனாக இருக்காது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் என்று தராசில் வைத்து எடுத்துக்கொண்டால் போதும். தாளிக்கும் எண்ணெயையும் கரண்டியால் அளந்தே ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி இருக்கிறது. எந்த எண்ணெயாக இருந்தாலும் இந்த எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான்.

மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) நூறு கிராமில் ஏறத்தாழ 160 கலோரியும், புரதம் ஒன்றரைக் கிராமுக்குக் குறைவாகவும் இருக்கின்றன. அதனோடு சேர்த்து உண்ணும் சாளையிலோ (மத்தி மீன்) நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. நம் முன்னோர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது சரியே. கிழங்கை மலைபோல் குவித்து மீனைத் தொட்டுக்கொள்வதுதான் பிழை. கிழங்கை 150 கிராமோடு நிறுத்தி, மீனை 150 கிராமாக உயர்த்துங்கள். குழம்பு வைத்த மீன் போதும், பொரித்த மீன் வாரத்தில் ஒரு நாள். (கிழங்கை வேக வைத்த நீரை வடித்துக் கொட்டும் பழக்கத்தை இந்தக் கணக்கின் பெயரால் விட்டுவிடாதீர்கள், அதிலுள்ள நச்சுப்பொருள் அந்த நீரோடுதான் வெளியேறுகிறது.)

புரதத்தை எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டு மனிதருக்கு 125 கிராமை ஒட்டி வரும். அவருடைய ஒரு நாள் இப்படி அமையலாம்: காலையில் 50 கிராம் மாவில் புட்டு, அதனோடு உலர்ந்த நிலையில் 50 கிராம் எடைபோட்டு வேக வைத்த சிறுபயிறு, அவித்த முட்டை இரண்டு. மதியம் 150 கிராம் சம்பா அரிசிச் சோறு, 150 கிராம் சாளை அல்லது அயிலைக் குழம்பு, ஒரு துவரன், சிறு கிண்ணம் தயிர். மாலையில் 40 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலை அவித்தது, சர்க்கரையில்லாத சாயா. இரவு இரண்டு சப்பாத்தி, 150 கிராம் எலும்பில்லாக் கோழி, காய்கறி. கூட்டிப் பார்த்தால் 1900 கலோரிக்குள்ளும், புரதம் 120 கிராமை ஒட்டியும் நிற்கும். மீனும் கோழியும் உண்ணாதவர்கள் மீல்மேக்கரைச் சேர்க்கலாம். உலர்ந்த 50 கிராமிலேயே 25 கிராம் புரதம் கிடைத்துவிடும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதத்துக்கு முட்டையையும் பயிற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சாயாக்கடை தனிப் பேச்சுக்கு உரியது. சாயாவில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை 40 கலோரி. நாளைக்கு நான்கு சாயா என்றால் 160. கண்ணாடி அலமாரியிலிருந்து எழும்பும் பழபஜ்ஜியின் மணத்துக்கு என்னிடம் மருந்தில்லை. கடைக்கு முன்பே கொண்டைக்கடலையை உண்டுவிட்டுப் போவது மட்டுமே எனக்குப் பலித்த வழி. தேங்காய் எண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ் நூறு கிராமில் ஐந்நூறு கலோரிக்கு மேல் இருப்பதால், பொட்டலத்தை வீட்டில் வாங்கி வைக்காமலிருப்பதே உத்தமம். இனிப்பு வேண்டுமென்றால் மட்டிப்பழம் ஒன்று உண்ணுங்கள். சிறிய பழம், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பழம்.

நான்காம் படி: பயிற்சி

வாரத்தில் மூன்று நாள் முழு உடலுக்கும் எடைப்பயிற்சி செய்யுங்கள். தண்டால், பஸ்கி, இழுக்கும் பயிற்சி ஒன்று, குனிந்து எடை தூக்கும் பயிற்சி ஒன்று. ஒவ்வொன்றும் மூன்று சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 முறை. குறைவாக உண்ணும் காலத்தில் உடல் கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கப் பார்க்கும். இந்தப் பயிற்சியும் புரதமும் சேர்ந்தே அதனைத் தடுக்கின்றன. மற்ற நாள்களில் நடந்தால் போதும். பத்தாயிரம் அடி என்ற எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அதனை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை, எட்டாயிரமே நல்ல அளவு. மழைக்காலத்தில் வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள்.

வயிற்றுக்கென்று எடைப்பயிற்சியின் முடிவில் பத்து நிமிடம் போதும்; மூன்று பயிற்சிகளை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். முதலாவது பிளாங்க்: முழங்கைகளை ஊன்றி, பிட்டத்தை இறுக்கி, இடுப்பெலும்பை விலாவை நோக்கிச் சுருட்டி நில்லுங்கள். இடுப்பு தொய்ந்தால் சுமை முதுகுக்குப் போய்விடும். சரியாக நின்ற 30 வினாடி, தொய்ந்து நின்ற மூன்று நிமிடத்தைவிட மேலானது. இரண்டாவது ரிவர்ஸ் கிரஞ்ச்: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பிட்டம் தரையைவிட்டு மேலெழும்படி இடுப்பை மார்பை நோக்கிச் சுருட்டி, மூன்று வினாடி எடுத்து மெல்ல இறக்குங்கள். பெரும்பாலோர் காலை மட்டும் ஆட்டுகிறார்கள். அப்போது வேலை செய்வது தொடையை உயர்த்தும் தசையே, வயிற்றுத் தசை வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கிறது. இது 15 முறை எளிதாகிவிட்டால், கம்பியில் தொங்கியபடி முழங்காலை உயர்த்தும் பயிற்சிக்கு மாறுங்கள். அதிலும் இடுப்பைச் சுருட்டுவதே விதி. மூன்றாவது, பக்கத் தசைகளுக்கான சைடு பிளாங்க்: பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு முழங்கையை ஊன்றி, இடுப்பு தொய்யாமல் நில்லுங்கள். வயிற்றுத் தசையும் மற்றத் தசைகளைப் போலவே சுமை கூடினால்தான் தடிக்கும். ஆகவே எண்ணிக்கையை நூறாக்குவதை விட்டு, கடினத்தை உயர்த்துங்கள். குடலிறக்கம் உள்ளவர்களும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் நடுவயிற்றுத் தசை விலகியிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடங்கக் கூடாது. பெண்களுக்கு எடை குறையும் காலத்தில் மாதவிடாய் தவறினால், உணவை உடனே கூட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: திருத்தம்

இரண்டு வாரம் தொடர்ந்து சராசரி எடையும் இடுப்பளவும் அசையாமல் நின்றால் மட்டுமே கணக்கில் கை வையுங்கள். அப்போதும் 100 கலோரிக்கு மேல் குறைக்காதீர்கள். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது: 78 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு இறங்கியவருக்கு நாள் செலவு ஏறத்தாழ 110 கலோரி சுருங்கிவிடும். பெரும்பாலான ஆண்களுக்கு மேலிரண்டு கட்டங்கள் முதலில் தெரியும். தொப்புளுக்குக் கீழே உள்ள கொழுப்பு கடைசியில்தான் போகும். இறுதி இரண்டு மாதத்தில் பலர் பொறுமையிழந்து கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை தேடுவது இதனால்தான். அந்தப் பக்கம் போகாதீர்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்குங்கள்.

விரும்பிய அளவுக்கு வந்தபின் மறுநாளே பழைய தட்டுக்குத் திரும்பாமல், வாரத்துக்கு 100 கலோரி என்ற கணக்கில் உணவைக் கூட்டி, எடை நிலைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். நான் முதலில் கூட்டியது சோற்றை. இரண்டாம் வாரத்தில் தேங்காயை.