கோலாலம்பூரிலிருந்து குளிர்கால ஒலிம்பிக்: தகுதிப் புள்ளி சேர்ப்பது எப்படி

சன்வே பிரமிட் பேரங்காடியின் ஐஸ் ரிங்கில் பிள்ளை வாங்கிய பதக்கங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, “அடுத்து ஒலிம்பிக்தானே?” என்று கேட்கும் பெற்றோர் உண்டு. உள்ளூர்ப் பதக்கத்துக்கு அங்கே மதிப்பில்லை. அனைத்துலகச் சம்மேளனம் அங்கீகரித்த போட்டியில் எடுத்த புள்ளி மட்டுமே செல்லும். 2018 பியோங்சாங்கில் மலேசியா முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கியது. பனித்தரையில் தாவிச் சுழலும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜூலியன் யீயும், பனிச்சரிவில் வேகமாக இறங்கும் அல்பைன் ஸ்கீயில் ஜெஃப்ரி வெப்பும் போனது அந்தப் புள்ளியைச் சேர்த்துத்தான்.

முதலில் பதிவு வேலை. ஸ்கேட்டிங்குக்கு அனைத்துலகச் சம்மேளனம் ஐ.எஸ்.யு., ஸ்கீக்கு எஃப்.ஐ.எஸ். இரண்டுமே தனிநபர் விண்ணப்பத்தை ஏற்பதில்லை. பெயரைப் பதிவதும் போட்டிக்கு அனுப்புவதும் நாட்டுச் சங்கம்தான். எஃப்.ஐ.எஸ். பந்தயத்துக்குக் கையொப்பமிட்ட உறுதிமொழிப் பாரமும் வேண்டும். மலேசியக் குடியுரிமை கட்டாயம். ஏற்கெனவே வேறு நாட்டுக்காக ஆடியவர் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்கு ஆட, பொதுவாக மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் வயதை முதலில் பாருங்கள். சீனியர் பிரிவில் ஆட, அந்தப் பருவத்தின் ஜூலை 1-க்கு முன் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கு எஸ்.பி.எம். ஆண்டில் வாய்ப்பில்லை, அடுத்த பருவம்தான். பிறகு தாவல், சுழற்சி போன்ற அசைவுகளுக்கான குறைந்தபட்சத் தொழில்நுட்பப் புள்ளி: முதல் சுற்றான ஷார்ட் புரோகிராமுக்கு ஒன்று, நீண்ட இரண்டாம் சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டிங்குக்கு ஒன்று. இரண்டையும் ஒரே போட்டியில் எடுக்க வேண்டியதில்லை. உலகப் போட்டிக்கு, நடப்புப் பருவத்திலோ முந்தைய பருவத்திலோ எடுத்திருந்தால் போதும். பலர் ஏமாறுவது இங்கேதான். மொத்தப் புள்ளியைப் பார்த்து மகிழ்ந்துபோகிறார்கள். கலைநயத்துக்குக் கிடைத்த புள்ளி இந்த வரம்பில் சேராது.

மூன்று சுற்றுத் தாவலான டிரிபிள் டோ லூப்பின் அடிப்படை மதிப்பு 4.20. அரைச் சுற்று குறைந்து இறங்கினால் அதை டபுளாகவே (இரண்டு சுற்று) எண்ணுவார்கள்: 1.30. கூடவே விழுந்தால் 0.65. சுத்தமாக இறங்கிய, இரண்டரைச் சுற்றுத் தாவலான டபுள் ஆக்சலோ 3.30. வரம்பைத் தாண்டுவதுதான் குறி என்றால், பயிற்சியில் பாதி நேரம் தவறும் டிரிபிளைத் தள்ளிவையுங்கள். பயிற்சியாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வரம்பைத் தாண்டினால் போட்டியில் கலந்துகொள்ளலாம், அவ்வளவுதான். ஒலிம்பிக் இடத்துக்குத் தனியே போராட வேண்டும். 2018-க்கான ஆண்கள் பிரிவில் 30 இடம். அதில் 24 உலகப் போட்டி வழியே போய்விட, எஞ்சிய 6 இடங்கள் 2017 செப்டம்பரில் ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃபில் நடந்த தகுதிப் போட்டியில் முடிவாயின. ஜூலியன் யீ பிடித்தது அதில் ஒன்று. ஆகவே ஒலிம்பிக்குக்கு முந்தைய செப்டம்பரில் உச்ச நிலையில் இருக்கும்படி பயிற்சியைத் திட்டமிடுங்கள்.

அல்பைன் ஸ்கீயில் புள்ளி குறையக் குறைய நல்லது. கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலத்தில் வென்றவர் இரண்டு ஓட்டத்துக்கும் சேர்த்து 100 வினாடி, நீங்கள் 110 வினாடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசமான 10-ஐ 100-ஆல் வகுத்து, 730-ஆல் பெருக்கினால் 73. கம்பங்கள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கும் ஜயண்ட் ஸ்லாலம் என்றால் 730-க்குப் பதில் 1010. இதோடு பந்தயத்தின் பெனால்டி, அதாவது எல்லாருக்கும் கூட்டப்படும் ஒரு புள்ளி, சேரும். வந்திருக்கும் வீரர்கள் வலுவாக இருந்தால் பெனால்டி குறையும், பலவீனமான கூட்டமாக இருந்தால் ஏறும். பெனால்டி 45 என்றால் உங்கள் கணக்கு 118. 2018-இல் சிறிய நாட்டு வீரர்களுக்கான வரம்பு, சிறந்த ஐந்து பந்தயங்களின் சராசரி 140. ஒரு ஓட்டத்தில் விழுந்தாலும் அந்தப் பந்தயத்தில் புள்ளி கிடையாது. ஐந்து சேரும்வரை முடிப்பதுதான் முக்கியம், முழு வேகம் பிறகு. ஆகஸ்ட், செப்டம்பரில் நியூசிலாந்தில் எஃப்.ஐ.எஸ். பந்தயங்கள் நடப்பதால் ஐரோப்பியக் குளிர்காலத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஜலதோஷ மருந்தில் கவனம். அதில் இருக்கக்கூடிய சூடோஎஃபெட்ரின், போட்டி நாள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கல் தரும். சின்செ (சீன மருத்துவர்) கடை மூலிகைகளில் மா ஹுவாங்கில், அதே சிக்கலைத் தரும் எஃபெட்ரின் உண்டு. எதையும் விழுங்கும்முன் மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான அடாமாஸில் கேளுங்கள்.

வென்ற ஒலிம்பிக் இடம் பொதுவாக நாட்டின் ஒலிம்பிக் மன்றத்துக்கே சேரும். அதில் யாரை அனுப்புவது என்பதும் அதன் முடிவு. தேர்வு நிபந்தனைகளைப் பருவம் தொடங்கும்முன்பே சங்கத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.