எல்.எம்.ஏ. வழியா டியூப் போடுறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஃபாஸ்ட்ராக்கா, ஐ-ஜெல்லான்னு கேக்குறதுக்கு முன்னாடி

அனஸ்தீசியா படிக்கிற பசங்க அடிக்கடி கேக்குற கேள்வி, ஃபாஸ்ட்ராக் நல்லதா ஐ-ஜெல் நல்லதா, ஏர்-க்யூ எப்படி, இந்த எல்.எம்.ஏ. (லேரிஞ்சியல் மாஸ்க் ஏர்வே, தொண்டையில வெச்சு காத்து கொடுக்குற டிவைஸ்) வகைகள்ல எது வழியா டியூப் சட்டுனு உள்ள போகும். கேக்கலாம், ஆனா கேக்குற விதத்துலயே பாதி தப்பு ஆரம்பிச்சிடுது. இந்த டிவைஸ் எல்லாத்துக்கும் முதல் வேலை பேஷண்டுக்குள்ள ஆக்சிஜன் போக வைக்கிறது. டியூபுக்கு வழி காட்டுறது அதுக்கப்புறம்தான். இந்த வரிசை மாறிப்போன இடத்துலதான் உயிர் போயிருக்கு.

டாக்டர் இல்லாதவங்களுக்கு ஒரு வரி: முழு மயக்க மருந்து கொடுத்ததும் பல நேரம் மூச்சு நின்னுடும், அப்போ வாய் வழியா மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போட வேண்டி வரும், சில பேருக்கு வழக்கமான லேரிஞ்சோஸ்கோப்ல (குரல்வளையைப் பாக்குற கருவி) குரல்வளையே தெரியாது. அந்த மாதிரி நேரத்துல தொண்டையில குரல்வளைக்கு மேல போய் உக்காருற எல்.எம்.ஏ. மாதிரி ஒண்ணை வெச்சு முதல்ல காத்து கொடுத்துட்டு, தேவைப்பட்டா அதுக்குள்ளயே டியூபை விட்டு கீழ இறக்குறதுதான் இந்த டெக்னிக். எல்.எம்.ஏ.வை 1981ல லண்டன்ல ஆர்ச்சி பிரெய்ன் உருவாக்கினார், டியூப் போடுறதுக்குன்னே செஞ்ச ஃபாஸ்ட்ராக் 1997ல வந்துச்சு, ஐ-ஜெல் 2007ல.

முதல் தவறு, என்னைக் கேட்டா எல்லாத்துலயும் பெரிய தவறு, காத்து நல்லா போய்க்கிட்டு இருக்கும்போதே "சரி இப்ப டியூபைப் போட்டுடுவோம்"னு நிக்காம தொடர்றது. 2005ல இங்கிலாந்துல ஒரு சாதாரண சைனஸ் ஆபரேஷனுக்குப் போன அம்மாவுக்கு மயக்கம் கொடுத்ததும் காத்தும் போகல, டியூபும் போகல. ஃபாஸ்ட்ராக் மாதிரியான டிவைஸ் வெச்சதும் சாச்சுரேஷன் (ரத்தத்துல இருக்குற ஆக்சிஜன் அளவு) கொஞ்சம் ஏறுச்சு, ஆனாலும் டீம் அதுக்குள்ள டியூப் போடுறதுலயே குறியா இருந்துடுச்சு. அனுபவம் இல்லாதவங்க கிடையாது, நல்ல சீனியர்கள்தான். அந்த அம்மா பிழைக்கல. அவங்க கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு பைலட், யாரையும் பழி வாங்கக் கிளம்பாம, இப்படி ஒரு நிலைமையில திறமையான ஆளுங்க ஏன் ஒரே விஷயத்துல மாட்டிக்கிறாங்கன்னு கேட்டு, ஆஸ்பத்திரிகள்ல மனுஷத் தவறுகளைப் பத்திப் பேச ஒரு அமைப்பே ஆரம்பிச்சார். இந்த ஃபீல்டுக்கு வர்ற எல்லாரும் இந்தக் கேஸைத் தெரிஞ்சிக்கணும்.

பிரிட்டனோட டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015ல கொடுத்த கைட்லைன்ல இதுக்குன்னே ஒரு இடம் இருக்கு. பிளான் ஏ லேரிஞ்சோஸ்கோப்ல டியூப், அது ஆகலைன்னா பிளான் பி இந்த டிவைஸ், அதுவும் மூணு முயற்சிக்கு மேல வேண்டாம். காத்து போக ஆரம்பிச்சதும் நிறுத்தி யோசிக்கச் சொல்றாங்க. பேஷண்டை எழுப்பிடலாமா, டிவைஸ் வழியா டியூப் போடலாமா, டியூபே இல்லாம இந்த டிவைஸ்லயே ஆபரேஷனை முடிச்சிடலாமா, இல்ல கழுத்துல ஓட்டை போட வேண்டிய கட்டாயமான்னு நாலு வழி. அவசரமில்லாத ஆபரேஷன்னா எழுப்புறதைத்தான் முதல்ல நினைக்கணும். ஓ.டி.ல சர்ஜன் கை கழுவிட்டு நிக்கிறாரு, லிஸ்ட் லேட்டாகுதுங்கறதெல்லாம் அந்த நிமிஷத்துல காதுல விழவே கூடாது.

அடுத்தது கண்ணை மூடிக்கிட்டு தள்ளுறது. ஃபாஸ்ட்ராக்கோட பேரு பிளைண்டா, அதாவது உள்ள பாக்காமலே, டியூப் போடுறதுலதான் பரவுச்சு, அதனால எந்த டிவைஸ் கையில கிடைச்சாலும் அதே மாதிரி தள்ளிப் பாக்குற பழக்கம் வந்துடுச்சு. ஃபாஸ்ட்ராக்ல ஸ்டீல் குழாயோட வளைவு, கைப்பிடி, எபிகிளாட்டிஸை (குரல்வளையை மூடுற மடல்) தூக்குற பட்டை, முனை மென்மையான தனி சிலிகான் டியூப், இது எல்லாம் சேர்ந்துதான் டியூபை மூச்சுக்குழாய் பக்கம் திருப்புது. ஐ-ஜெல்ல இது எதுவும் இல்ல, அது அதுக்காகச் செஞ்சதும் இல்ல, சாதா பிவிசி டியூபை விட்டா பின்னாடி உணவுக்குழாய்ப் பக்கமே போகப் பாக்கும். டியூப் போடுறது கஷ்டமா இருக்கும்னு முன்கூட்டியே எதிர்பார்த்த பேஷண்டுகள்ல நடந்த ஒரு ஸ்டடில பிளைண்டா போட்டப்ப ஃபாஸ்ட்ராக் வகையில 69 சதவீதம் சரியாப் போச்சு, ஐ-ஜெல்ல வெறும் 15. அதே ஐ-ஜெல் உள்ள ஸ்கோப் (வளையுற ஒல்லியான கேமரா குழாய்) விட்டுப் பாத்தீங்கன்னா பெரும்பாலும் குரல்வளை அருமையா நேர்ல தெரியும், டியூபும் சுலபமா போகும். அப்போ எது பெஸ்டுங்கறதுக்கு ஸ்கோப் கையில இருக்கா இல்லையாங்கறதைச் சேர்க்காம பதிலே கிடையாது. 2015 கைட்லைனும் பிளைண்டா போடுறதை விட்டுடுங்க, ஸ்கோப்ல பாத்தே போடுங்கன்னுதான் சொல்லுது. பிளைண்டா தள்ளத் தள்ள வீக்கமும் ரத்தமும் வரும், கடைசியில முதல்ல போய்க்கிட்டிருந்த காத்தும் போகாது.

ஸ்டடி படிக்கிறதுலயும் இதே கதைதான். பொம்மையில செஞ்ச ஸ்டடியைப் படிச்சிட்டு இது 20 செகண்ட் அது 30 செகண்ட்னு ஒப்பிடுறாங்க. பொம்மைக்கு எச்சில் கிடையாது, ரத்தம் கிடையாது, குரல் நாண் இறுகி மூடாது, சாச்சுரேஷன் இறங்காது. மனுஷங்கள்ல செஞ்சதா இருந்தாலும் சாதாரண ஏர்வேயா கஷ்டமான ஏர்வேயா, பிளைண்டா ஸ்கோப்பா, எந்த டியூப், செஞ்சவங்களுக்கு எவ்வளவு பழக்கம்னு பாக்காம நம்பரை மட்டும் எடுத்துக்கிட்டா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. இன்னொரு ஸ்டடில ஐ-ஜெல் பிளைண்டாவே பாதிக்கு மேல சக்சஸ் ஆகியிருக்கு, முதல்ல சொன்ன 15-ஐயும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா குழம்பத்தான் செய்யும்.

இப்ப அளவு விஷயம், இதுல நிறைய பேர் கோட்டை விடுறாங்க, அதுவும் பேஷண்டைப் படுக்க வெச்சதுக்கு அப்புறம்தான் தெரிய வரும். ஐ-ஜெல் 3-ம் நம்பர்ல அதிகபட்சம் 6.0 டியூப் (டியூப் நம்பர்னா உள்விட்டம், மில்லிமீட்டர்ல), 4-ல 7.0, 5-ல 8.0. ஃபாஸ்ட்ராக்ல 3, 4, 5 மூணுமே 8.0 வரைக்கும் வாங்கும், ஆனா 3-க்குக் கீழ சைஸே இல்லாததால சின்னக் குழந்தைகளுக்கு அது ஆகாது, அங்க ஏர்-க்யூ மாதிரி குழந்தை சைஸ் இருக்குறதைத்தான் பாக்கணும். பழைய கிளாசிக் எல்.எம்.ஏ. இன்னும் மோசம், குழாய் நீளம், உள்ள குறுகல், வாய்ல கம்பி மாதிரி பட்டை வேற. 4-ம் நம்பர்லயே 6.0 டியூப்தான் போகும், அந்த டியூப் முழுசா உள்ள போனாலும் நீளம் பத்தாம கஃப் (டியூப் முனைக்கிட்ட காத்தடிக்கிற பலூன்) குரல் நாண் நடுவுலயே வந்து நிக்கலாம். அங்க நீளமான மைக்ரோலேரிஞ்சியல் டியூப் வேணும். எல்.எம்.ஏ. சுப்ரீம் காத்து கொடுக்க நல்ல டிவைஸ், ஆனா நடுவுல வயித்துக் குழாய் ஓடுறதால டியூப் விட இடமே கிடையாது, அது வழியா ஐன்ட்ரீ கேத்தட்டர் விடுறதையும் நம்ப முடியாதுன்னு கைட்லைன் சொல்லியிருக்கு.

ஐன்ட்ரீன்னு சொன்னதும் ஒரு கணக்கு. அது 56 சென்டிமீட்டர் நீளமான வெறும் குழாய், உள்விட்டம் 4.7 மில்லிமீட்டர் அளவு, வெளிவிட்டம் 6.5. அதுக்குள்ள சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்குற ஸ்கோப்தான் போகும், பெரிய ஸ்கோப் சிக்கிக்கும். அதுக்கு மேல ஏத்துற டியூப் 7.0-வாவது இருக்கணும். ஸ்கோப் மேல ஐன்ட்ரீயை மாட்டி, எல்.எம்.ஏ. வழியா மூச்சுக்குழாய்க்குள்ள இறக்கி, ஸ்கோப்பை எடுத்து, எல்.எம்.ஏ.வை எடுத்து, அப்புறம் டியூபை மேல ஏத்துறது. படிக்க நீளமா இருக்கு, ஆனா ஒவ்வொரு படியும் கண்ணால பாத்து செய்றதால நிதானமா போகும். கேஸ் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே டிவைஸ், டியூப், ஸ்கோப், கேத்தட்டர் நாலையும் மேஜை மேல வெச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டுப் பாத்துடுங்க, ஜெல் தடவி. உலர்ந்த டியூப் ஐ-ஜெல்ல பாதியில நிக்கிறதை ஒரு தடவை பாத்தவங்க ஜெல்லை மறக்கவே மாட்டாங்க.

ஃபாஸ்ட்ராக் வெச்ச உடனே டியூபைத் தள்ளுறதும் தப்புதான். சாண்டி மனூவர்னு ரெண்டு படி இருக்கு. முதல்ல கைப்பிடியை மெல்ல முன்னும் பின்னும் அசைச்சு காத்து எந்த நிலையில தடையில்லாம போகுதோ அங்க நிறுத்தணும். டியூப் விடப்போற நேரத்துல கைப்பிடியை அப்படியே கொஞ்சம் மேல தூக்கணும், பல்லு மேல அழுத்தி நெம்பக் கூடாது. அதோட டியூப்ல 15 சென்டிமீட்டர்ல ஒரு குறுக்குக் கோடு இருக்கும், அந்தக் கோடு குழாய் வாய்க்கு வந்தா டியூப் முனை எபிகிளாட்டிஸ் பட்டைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம். அதுக்கு அப்புறம் சுமார் ரெண்டு சென்டிமீட்டர்லயே முட்டுச்சுன்னா எபிகிளாட்டிஸ் மடங்கியிருக்க வாய்ப்பு, பலம் கொடுக்காதீங்க. டிவைஸோட கஃப்ல காத்து இருக்கும்போதே டிவைஸை ஆறு சென்டிமீட்டர் வெளிய இழுத்து திரும்ப உள்ள விட்டா மடிப்பு பிரியும். தலை நேரா இருந்தாலே போதும், தலையணை வெச்சு கழுத்தை நீட்டுற பழக்கம் இந்த டிவைஸுக்குத் தேவையில்ல.

ஸ்கோப்ல போடும்போது இன்னொரு தொல்லை. ஸ்கோப் ஒல்லி, டியூப் அகலம்னா நடுவுல இடைவெளி விழும், ஸ்கோப் அழகா மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கும், டியூப் மட்டும் வலது பக்கம் அரிட்டினாய்டுல (குரல் நாணுக்குப் பின்னாடி இருக்குற குருத்தெலும்பு) முட்டிக்கிட்டு நிக்கும். இடிக்காம கொஞ்சம் பின்னாடி இழுத்து டியூபை இடப்பக்கமா, கடிகாரச் சுத்துக்கு எதிரா, 90 டிகிரி திருப்பி விட்டா வழுக்கிட்டு இறங்கும். மயக்கம் ஆழமில்லாம, தசை தளர்த்துற மருந்து வேலை செய்யாம இதையெல்லாம் செஞ்சா குரல் நாண் இறுகி மூடிக்கும். எழுப்பணும்னு முடிவு எடுத்தா அது வேற வழி, டியூப் போடணும்னு முடிவு எடுத்தா மயக்கம் ஆழமாவும் தசை முழுசா தளர்ந்தும் இருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறதுதான் ஆபத்து.

டியூப் போனதும் எல்லாரும் பெருமூச்சு விடுவாங்க, அங்கதான் அடுத்த தவறு, கேப்னோகிராஃப் (வெளிவிடுற மூச்சுல கார்பன் டை ஆக்சைடை அலையா காட்டுற கருவி) பாக்காம விடுறது. நெஞ்சு ஏறுது, டியூப்ல பனி படியுது, ஸ்டெத்ல சத்தம் கேக்குது, இது எதுவுமே உறுதி இல்ல. கார்பன் டை ஆக்சைடு அலை தொடர்ச்சியா வரணும். 2022ல வந்த சர்வதேச கைட்லைன்ல குறைஞ்சது ஏழு மூச்சுக்கு அலை நிலையாவோ ஏறுமுகமாவோ வரணும், உயரம் அடிக்கோட்டை விட 7.5 மில்லிமீட்டர் மெர்க்குரியாவது இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. அலை இல்லைன்னா டியூப் தப்பான இடத்துலதான் இருக்குன்னு வெச்சுக்கிட்டு எடுத்துடணும், மெஷின் ரிப்பேரா இருக்குமோன்னு தேடுறது அப்புறம். டியூபை எடுத்துட்டாலும் அதைச் சுத்தி எல்.எம்.ஏ. தொண்டையிலயே இருந்தா, அது வழியாவே திரும்ப காத்து கொடுக்கலாம், இந்த டெக்னிக்கோட பெரிய பலமே அதுதான்.

கடைசியா டிவைஸை வெளிய எடுக்குறது. கஷ்டப்பட்டுப் போட்ட டியூப் பல நேரம் இந்த இடத்துலதான் கூடவே வந்துடும். டியூபோட 15 மில்லிமீட்டர் கனெக்டர் (மூச்சு மெஷினோட இணைக்கிற முனை) கழட்ட வருமான்னு முன்னாடியே பாத்து வெச்சிக்கணும், சில டியூப்ல ஒட்டியே வரும், அப்புறம் டிவைஸை அதுக்கு மேல எடுக்கவே முடியாது. கனெக்டரைக் கழட்டி, ஃபாஸ்ட்ராக்குக்கு அதோட தள்ளுகுச்சியை, இல்லைன்னா இன்னொரு டியூபை, பின்னாடி முட்டுக் கொடுத்துப் பிடிச்சிக்கிட்டு டிவைஸை உருவணும், டியூப் வாய்க்குள்ள தெரிஞ்சதும் விரலை விட்டுக் கெட்டியாப் பிடிச்சிக்கணும். குச்சியை எடுக்காமலே மொத்தமா இழுத்தா பைலட் பலூன் (கஃப்ல காத்து இருக்கான்னு காட்டுற குட்டி பலூன்) பிஞ்சிடும், கஃப் போயிடும். ஃபாஸ்ட்ராக் ஸ்டீல் தொண்டையை அழுத்துறதால நீளமான ஆபரேஷன்ல உள்ளயே விடக்கூடாது, எடுத்துடணும். அதோட வர்ற சிலிகான் டியூபோட கஃபும் அதிக அழுத்தம் கொடுக்குற வகை, அதனால பேஷண்ட் ஐசியூக்குப் போறதா இருந்தா அந்த டியூபை அப்படியே நாள் கணக்குல விடாம, சாதா டியூபா மாத்தணுமா, எப்ப, யாரு, எந்த பேக்கப்போடன்னு ஓ.டி.லயே பேசி கேஸ் ஷீட்ல எழுதிடுங்க. டியூப் போட எதனால கஷ்டமா இருந்துச்சு, எந்த டிவைஸ் எந்த சைஸ்ல வேலை செஞ்சுச்சுங்கறதையும் ஒரு சீட்டுல எழுதி பேஷண்ட் கையிலயே கொடுங்க, அடுத்த தடவை அவங்களுக்கு மயக்கம் கொடுக்கப் போறது வேற ஊர்ல வேற டாக்டரா இருக்கலாம்.