புது ஹேண்டியில் விண்வெளி நிலையம்

புது ஹேண்டி, அதாவது கையில் பிடித்துப் பேசும் அமெச்சூர் ரேடியோ செட், கைக்கு அடக்கம். வெயிலிலும் திரை பளிச்சென்று தெரிகிறது. ஆனால் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரை (வரும் பேச்சை வாங்கி வேறு அலைவரிசையில் மறுபடி அனுப்பும் கருவி) 437.800 மெகாஹெர்ட்ஸில் வைத்தால், நிலையம் உச்சிக்கு வரும்போது மட்டும் பேச்சு. மற்ற நேரமெல்லாம் வெறும் இரைச்சல். செட்டில் கோளாறில்லை, டாப்ளர் விளைவு. நிலையம் நெருங்கும்போது அலைவரிசை சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் கூடும், விலகும்போது அதே அளவு குறையும்.

அலைவரிசை மாறும் ஸ்டெப்பை 5 கிலோஹெர்ட்ஸாக்கி, 437.810 முதல் 437.790 வரை ஐந்து மெமரி சேனல்கள் போட்டேன். எல்லாவற்றுக்கும் அனுப்பும் அலைவரிசை 145.990, ரிப்பீட்டரைத் திறக்க பேச்சோடு சேர்த்து அனுப்பும் டோன் 67 ஹெர்ட்ஸ். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்துவிட்டு, நிலையம் நகர நகர சேனலை ஒவ்வொன்றாக இறக்கினால் பேச்சு தொடர்ந்து வருகிறது.

ஆண்டெனா நுனியை நிலையத்தை நோக்கி நீட்டாதீர்கள். குறுக்காகச் சாய்த்துப் பிடியுங்கள். பேட்டரி மூடிதான் இன்னும் முரண்டு பிடிக்கிறது.